அத்தைக்கு எந்த நாட்டுச் சட்டம்?

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஜேர்மனி முடிந்தது. நாளை பிரான்ஸ்.

இப்படிச் சொன்னால் நான் ஊர் சுற்றுகிறேன் என்று நினைப்பார்கள். இருப்பது வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில், அம்மாவின் தையல் மெஷின் மேல் லெப்டொப்பை வைத்துக்கொண்டு. கதிரியக்கக் கழிவை எந்த நாடு எப்படி வகை பிரிக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுகிறேன். முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. மார்ச் கடைசியில் கொடுத்தாக வேண்டும்.

ஜேர்மன்காரனிடம் ஒரே கேள்விதான்: சூடு வருகிறதா, இல்லையா? எதுவானாலும் கடைசியில் ஆழத்தில் புதைக்கப் போகிறான். பிரான்ஸ்காரனுக்கு இரண்டு கேள்வி: எவ்வளவு வீரியம், எவ்வளவு காலம்? அமெரிக்கா இருக்கிறதே, அது பல இடத்தில் ஆபத்தைப் பார்ப்பதில்லை, பிறப்பைப் பார்க்கிறது. எந்த வேலையிலிருந்து வந்த கழிவு என்று கேட்டுத்தான் பெயரே வைக்கிறது. ஒரே வாளிக் கழிவுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். இயற்பியல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானே? எரிச்சலாக வருகிறது.

நான் முணுமுணுப்பதைக் கேட்டு சண்முகவடிவு அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தங்கச்சி. இதே லயத்தில் கடைசிக் காம்பரா.

"என்னா மருமகனே, இன்னும் குப்பையைப் பத்தித்தான் எழுதுறீங்களா? இதுக்கு எதுக்குக் கொழும்புக்குப் போயி படிச்சீங்க? நம்ம லயம் கூட்டுற சின்னக்காவக் கேட்டிருந்தா ஒரு வாரத்துல எழுதிக் குடுத்திருக்கும்."

அவளுக்குக் கோபம் வந்தால் நான் "டா". கேலி செய்யும்போது "ங்க". வருடத்தில் முக்கால்வாசி "ங்க" தான்.

கேலி செய்கிறவளின் கை நடுங்குகிறது. தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. நெஞ்சு படபடப்பு, மெலிவு. கொழுந்தெடுக்கப் போனால் பாதி நாளில் உட்கார்ந்துவிடுகிறாள். ஒருவழியாகக் கொழும்பில் திகதி கிடைத்திருக்கிறது, 28ஆம் திகதி. கதிரியக்க அயடீன் கொடுப்பார்கள். ஒரே ஒரு மாத்திரை.

ஆக, என் பாடம் வீடு தேடி வருகிறது.

ஜனவரி 23, வியாழன்

கொட்டகலையிலிருந்து செய்தி: வினோதாவுக்குப் பெப்ரவரி ஒன்பது வளைகாப்பு. வினோதா அத்தையின் ஒரே மகள். புருஷன் ஜீவராஜ் கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார், பன்னிரண்டாம் திகதி திரும்பிப் போகிறார். அதற்குள் நல்ல நாள் இது ஒன்றுதானாம். பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். என்னைக் கேட்டிருக்கலாம்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். மாத்திரை விழுங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கர்ப்பிணி. சும்மா இருந்திருக்கலாம், ஆனால் சொல்லிவிட்டேன்.

"அத்தை வளைகாப்புக்குப் போக முடியாது."

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல அம்மா என்னைப் பார்த்தாள். மாத்திரையைத் தள்ளிப் போடலாமா என்று வீரய்யா மாமா கேட்டார். அத்தையின் புருஷன், சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. நெஞ்சுப் படபடப்பைத் தள்ளிப் போட முடியாது என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். மாமா தலையாட்டினார்.

அத்தை மட்டும் சிரித்தாள். "ஏன் அண்ணி, என் மகளக் கட்டிக்கன்னு இவன்கிட்ட எத்தன வாட்டி கேட்டேன். அப்பவும் முடியாதுன்னான். இப்ப அவளுக்கு நான் வளையல் போடவும் முடியாதுங்கறான். இவனுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதான் போல."

ஜனவரி 28, செவ்வாய்

கொழும்பு. மாத்திரை போட்டாயிற்று. "இம்புட்டூண்டு மாத்திரைக்கா இம்புட்டு பந்தா?" என்று டொக்டரிடமே கேட்டாள்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்குக் கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் நெருங்கக்கூடாது, இரண்டு மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும், தனித் தட்டு, தனிப் படுக்கை. இதே மாத்திரையை ஜேர்மனியில் விழுங்கியிருந்தால் இரண்டு நாளாவது உள்ளேயே வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் நம்மைப் போலத்தான், தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வேனில் அத்தை கடைசி சீட், நானும் மாமாவும் முன்னால். கொட்டகலை சந்தியில் வினோதா குடையோடு நின்றிருந்தாள். யார் தகவல் சொன்னது என்று தெரியவில்லை. "ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க" என்று பின்னாலிருந்து சத்தம். நிறுத்த வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னேன்.

வினோதா கையை ஆட்டினாள். வேன் போய்விட்டது.



ஜனவரி 30, வியாழன்

அத்தையைப் பின்பக்கத்துக் குசினி அறைக்கு, சமையல்கட்டுக்கு, மாற்றியாயிற்று. மாமா எங்கள் வீட்டில். அத்தையின் பழைய கோழிக்கூடு காலியாகக் கிடந்தது. அதைக் கழுவி, பூட்டுப் போட்டு, களஞ்சியமாக்கினேன். அவள் பயன்படுத்தும் தலையணை, தட்டு, சீப்பு, துவாய் எல்லாம் மூன்று வாரம் முடிந்ததும் ஒரு சாக்கில் கட்டி அதற்குள் போகும். டொக்டர் இவ்வளவு கேட்கவில்லை, துவைத்தாலே போதும் என்றார். எனக்குப் போதாது.

சர்வதேச முறையில் இதற்கென்றே ஒரு வகை உண்டு: மிகக் குறுகிய ஆயுள் கழிவு. புதைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். பூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். இந்த அயடீன் எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகும். பத்துத் தடவை பாதியானால் ஒன்றும் மிஞ்சாத மாதிரிதான். பிரான்ஸில் நூறு நாள், அமெரிக்காவில் நூற்றிருபது நாள். அதற்குள் பாதியாகிற சரக்கெல்லாம் அங்கேயும் இப்படித்தான், வைத்திருந்து தேயவிடுவார்கள்.

மொத்த அட்டவணையிலும் பொறுமை மட்டுமே தேவைப்படுகிற வகை இதுதான். அதனால்தானோ என்னவோ, எனக்கு அதில் ஒருபோதும் அக்கறை வந்ததில்லை.

ஜனவரி 31, வெள்ளி

பக்கத்துக் காம்பரா அழகம்மாக்கா அத்தை வீட்டுச் சவ்சவ் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். காய் காய்த்தது போன மாதம். மாத்திரை போட்டது இந்த வாரம்.

"அது முந்தியே காச்சதுக்கா."

"இருக்கட்டும் தம்பி. அந்த வீட்டுதுதானே."

அமெரிக்க முறை! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதே, எங்கிருந்து வந்தது என்று பார். நான் எரிந்து விழப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, நம் வீட்டுத் தீட்டும் அதே கணக்குத்தான். போன வருடம் பெரியப்பா செத்தபோது, பிணத்தைத் தூக்கிய அயலவருக்கு ஒரு குளியலோடு சரி. கொழும்பில் இருந்த எனக்குப் பதினாறு நாள், பங்காளி என்பதால். சாவு வீட்டு வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை.

இதை ஆய்வில் எழுதினால் அதை மேற்பார்க்கிற மேடம் பேனாவால் குத்துவார்.

சவ்சவ்வை நாங்கள் கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 1, சனி

தலை வெடிக்கிறது. மத்தியானம் போய்ப் பார்த்தால் குசினி அறை கழுவி விட்டிருக்கிறது, வாசலில் மஞ்சள் தண்ணீர், அத்தை ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலேயே, ஒட்டி உட்கார்ந்து, தலை துவட்டிக்கொண்டு, அம்மா!

"தலைக்கு ஊத்தியாச்சு. இனி வீட்டுக்குள்ள வரலாம்தானே?"

தனித் தட்டு, தனிப் பாய், மூலையில் இரு என்று நான் சொன்னதையெல்லாம் அம்மா ஒரு எதிர்க்கேள்வி இல்லாமல் செய்தபோதே யோசித்திருக்க வேண்டும். இந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒழுங்குதானே அது. அந்த ஒழுங்கு எதில் முடியும்? தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்.

"அது தோல்ல இல்லம்மா! கழுத்துக்குள்ள இருக்கு. மஞ்சத் தண்ணி ஊத்தினாப் போவாது!"

"உள்ளுக்க வேற ஊத்தணுமா?" என்றாள் அத்தை. "ஒரு டம்ளர் கொண்டாங்க அண்ணி, குடிச்சுட்டுப் போறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

அத்தையின் கையில் பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு டசின். ஹட்டனில் வினோதாவுக்கென்று வாங்கி வைத்திருந்தது. அளவு சரியா என்று தன் கையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் கையும் மகள் கையும் ஒரே அளவு. போட்டவள் கழற்ற மறந்து, இரண்டு நாள் அப்படியே தூங்கி எழும்பியிருக்கிறாள். வேர்வையிலும் அயடீன் வரும்.

"கழட்டுங்க. அதுவும் சாக்குக்குள்ளதான்."

"கழுவிட்டா?"

"சாக்குக்குள்ள."

ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை.

அதற்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

குடும்பமே நாடு தேட ஆரம்பித்துவிட்டது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். காலையில் தேத்தண்ணியோடு மாமா வந்தார்.

"மருமகனே, இந்த மாத்திரைக்கு அமெரிக்காவுல என்னா சொல்றான்?"

"அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான்."

"அப்ப அமெரிக்காவையே வச்சுக்குவோமே."

"ஆமா. ஜேர்மன்காரன் வேணாம்" என்றாள் அம்மா. "அவன் ரெண்டு நாள் பூட்டி வைப்பானாமே."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை: "இந்தியாவையும் ஒரு வார்த்த கேளுங்க. நம்ம ஆளுக வந்த ஊருதானே, பாத்துச் செய்ய மாட்டானா?"

வீட்டுக்கு அனுப்புவது வேறு, கர்ப்பிணியைக் கட்டிப் பிடிக்க விடுவது வேறு, அதை எந்த நாடும் விடாது என்று விளக்கினேன். அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் மாமா மெதுவாக, "சிங்கப்பூர் பாத்தீங்களா?" என்றார்.

பெப்ரவரி 6, வியாழன்

மேடம் போன் போட்டார். அட்டவணை நன்றாக இருக்கிறதாம். "ஆனா ஏன் வேறுபடுது? அதைத்தானே ஆய்வுன்னு சொல்றோம்?"

"வரலாறு, மேடம். கொஞ்சம் முட்டாள்தனமும்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய், பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன்.

அதே மாத்திரை. அதே கழுத்து. ஒருவன் பூட்டி வைக்கிறான், ஒருவன் தாளைக் கொடுத்து அனுப்புகிறான். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு கணக்கு. ஆனால் அதற்கு அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது: தாளை வாங்கிப் போகிற ஆள் அதன்படி நடப்பார் என்று எவ்வளவு நம்பலாம்? ஆளை நம்ப முடியாத இடத்தில் பூட்டை நம்பியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அட்டவணையில் இதற்கு ஒரு நிரல்கூட இல்லை.

சரி, அப்படியானால் நான் எந்த நாடு? தாள் சொன்னது இரண்டு மீற்றர் தள்ளியிரு என்று. நான் சொன்னது போகவே கூடாது என்று. ஜேர்மன்காரனே என்னைப் பார்த்து, தம்பி கொஞ்சம் இறங்கி வா என்பான்.

கணக்கைப் போட்டேன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும். பன்னிரண்டு அடி தள்ளி ஒரு மணி நேரம் நின்றால், அந்த ஒரு மணி நேரத்தில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வினோதாவுக்கு எப்படியும் கிடைக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். டொக்டருக்குப் போன் போட்டும் கேட்டேன். "தள்ளி நின்னா ஒரு பிரச்சினையும் இல்ல. கிட்டப் போகாம இருந்தாச் சரி."

அதுதானே கேள்வியே. யாரைப் பார்த்தாலும் கன்னத்தைக் கிள்ளாமல் பேசத் தெரியாத மனுஷி. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் சொந்த மகளைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு அடியில் நிற்பாளா?

பெப்ரவரி 7, வெள்ளி

வாசலில் நின்று அத்தையிடம் சொன்னேன். கூட்டிப் போகிறேன், ஆனால் தள்ளித்தான் நிற்க வேண்டும், வளையல் போட முடியாது, சந்தனம் பூச முடியாது.



"என்னய நம்பலன்னாச் சொல்லிருங்க, மருமகனே."

"நம்பல."

"நானும் நம்பல. அதான் கேட்டேன்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நடுவுல மழைத்தண்ணி ஓடுற கான் இருக்கற எடமாப் பாத்து நிறுத்துங்க. நல்ல அகலமான கானா. தாவலாம்னு மனசு சொன்னாலும் முழங்காலு விடாது."

பெப்ரவரி 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அத்தைக்குத் தனி வாகனம், கோஸ் ஏற்றுகிற சின்ன லொறி. பின்னால் பிளாஸ்டிக் கதிரை போட்டு, அதைக் கயிற்றால் கட்டி, பட்டுப் புடவையோடு அவள். நானும் மாமாவும் டிரைவரோடு முன்னால். தலவாக்கலையில் யாரோ, "எங்கக்கா, எலக்சனா?" என்று கேட்டார்கள். அத்தை இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஜீவராஜ் வீட்டு வாசல் அகலமானது. வாசல் முடிகிற இடத்தில் மழைத் தண்ணீர் போகிற கான், அதற்கப்புறம் மேலே ஏறுகிற தேயிலை மலை. கானுக்கு அந்தப் பக்கம் கதிரையைப் போட்டேன். அளந்தேன், பதினாலு அடி. அதே பக்கத்தில், அத்தையிடமிருந்து நாலடி தள்ளி, அவளைப் பார்த்தபடி நான் நின்றேன். எழும்பினால் பிடிப்பதற்கு.

எழும்பவில்லை. ஆனால் வாய்க்குத்தான் தூரம் கிடையாதே. முழு வளைகாப்பையும் தேயிலைக்குள் இருந்தே நடத்தினாள்.

"சம்பந்தியம்மா, சந்தனத்தக் கன்னத்துல பூசுங்க, ரவிக்கையில பூசாதீங்க! ஏய் அழகம்மா, என் வீட்டுச் சவ்சவ்வு வேணாம், என் மக வீட்டுப் புளிச்சாதம் மட்டும் எறங்குதா? நல்லாத் தின்னு! வினோதா, நிமிந்து ஒக்காரு!"

ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். அம்மா வளையல் போட்டாள். அழகம்மாக்கா போட்டாள். ஜீவராஜின் சொந்தங்கள் வரிசையாகப் போட்டார்கள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நிறைந்துவிட்டது. தாய் போட வேண்டிய இடம் மட்டும் பாக்கி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் வினோதா எழும்பியதைப் பார்க்கவில்லை.

வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினால், மாலையோடும் வயிற்றோடும் நேராக நடந்து வருகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அழுதுகொண்டே வருகிறாள். நான் நின்றதோ தப்பான பக்கத்தில். "நில்லு!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அத்தை எழும்பினாள். போச்சு, என்று நினைத்தேன்.

திரும்பி ஓடினாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் விடாது என்றவள், தேயிலைக்குள் ஏறி, நிரைக்கு நிரை மேலே மேலே.

"வராதடி! கிட்ட வராத! வந்தீன்னா நான் மலை உச்சிக்கே போயிருவேன்! ஒக்காருடி, எஞ்சாமி, போய் ஒக்காரு!"

வினோதா கான் விளிம்பில் நின்றுவிட்டாள். மேலே, இடுப்பளவு தேயிலைக்குள், மூச்சு வாங்கிக்கொண்டு அத்தை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றிலேயே, வளையல் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டாள். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாருமே சிரிக்கவில்லை. வினோதாவும் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

திரும்பி வரும்போதும் நானும் மாமாவும் முன் சீட்டில். பின்னாலிருந்துதான் சத்தம் வந்தது: "என்னா மருமகனே, அமெரிக்காவா ஜேர்மனியா? மார்க்கு எவ்வளவு?"

பெப்ரவரி 10, திங்கள்

நாடுகளை ஒப்பிட்ட நாலாம் அத்தியாயத்தை முழுதாக அழித்தேன். 'ஏன்' என்ற கேள்வியிலிருந்து தொடங்கி மறுபடி எழுதுகிறேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

மூன்று வாரம் முடிந்தது. சாக்கைக் கட்டிக் கோழிக்கூட்டில் வைத்துப் பூட்டினேன். அத்தை பஸ்ஸில் கொட்டகலைக்குப் போனாள். மூன்று நாளாகியும் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை எழுதுவேன், அது இப்போதே தெரிகிறது.

மார்ச் 31, திங்கள்

ஆய்வைக் கொடுத்தேன். 'ஏன்' என்ற அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டினார் மேடம். பேனாவைத் திறந்தார், மூடினார், வேறெதுவும் சொல்லவில்லை. கதிர் அளக்கிற கருவியை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டேன். எதற்கு என்றார். ஒரு கோழிக்கூட்டுக்கு என்றேன். கொடுத்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

வினோதாவுக்குப் பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். அத்தைக்குக் கை நடுக்கம் நின்று ஒரு மாதமாகிறது. இன்றைக்குப் பிள்ளையை வாங்கும்போது மறுபடி நடுங்கியதாம். இது அந்த நடுக்கம் இல்லை என்றாள் அம்மா.

ஏப்ரல் 27, ஞாயிறு

பிள்ளையோடு வினோதா இங்கேதான், கடைசிக் காம்பராவில். இன்றைக்குத்தான் வீடு கழுவித் தீட்டுக் கழித்தார்கள். அந்தக் கழுவலில் என் கோழிக்கூட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பத்துத் தடவைக்கு மேல் பாதியாகியிருக்கும்.

பூட்டைத் திறந்து சாக்கை வாசலில் கொட்டினேன். முதலில் தேயிலைச் செடிப் பக்கம் கருவியைப் பிடித்து அளவெடுத்தேன். பிறகு தலையணை, தட்டு, சீப்பு, துவாய். கடைசியில் வளையல். எல்லாம் அந்தச் செடி காட்டியதையே காட்டின. அழகம்மாக்காவும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்த நாட்டுக் கணக்குப்படி?" என்றாள் அத்தை, பிள்ளையை மடியில் வைத்தபடி.

"எந்த நாடா இருந்தாலும் இது இப்ப குப்பை இல்ல அத்தை."

பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாம்பல் போட்டு வளையலைக் கழுவினாள். வினோதா கையை நீட்டினாள். பிரசவத்தில் கை வீங்கியிருந்தது, இழுத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்று உடைந்தது. பதினொன்று ஏறியது.

நானும் பிள்ளையைத் தூக்கலாம் என்று கிட்டப் போனேன். தும்மல் வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சளி.

"அங்கயே நில்லுங்க, மருமகனே!" அத்தை கையை நீட்டித் தடுத்தாள். "பன்னெண்டு அடி. கானுக்கு அந்தப் பக்கம்."

"இது வெறும் சளி அத்தை."

"எந்த நாட்டுச் சட்டம்னு கேக்காதீங்க. இது எங்க வீட்டுச் சட்டம்."

கானைத் தாண்டிப் போய் நின்றேன். பன்னிரண்டு அடிக்கும் வளையல் சத்தம் நன்றாகக் கேட்கிறது.